பெயர் சுட்டாமையும் கூற்றின்மையும்: பயண இருப்புப் படங்களைத் திணைக் கோட்பாட்டின்வழி வாசித்தல்

ஆய்வுச் சுருக்கம்

பயணத்தில் எடுக்கப்படும் ஒளிப்படங்கள் பட முகமைகளின் வழியே விற்கப்படும்போது, ஒவ்வொரு படத்துடனும் ஒரு சிறு பனுவலும் சேர்ந்தே விற்கப்படுகிறது. தலைப்பு, படக்குறிப்பு, குறிச்சொற்கள், ஒப்புதல் படிவம் ஆகியவற்றாலான அப்பனுவலைத் தொல்காப்பியம் வகுக்கும் முதல், கரு, உரி, கூற்று, முன்னம் ஆகிய கருத்தாக்கங்களின் துணையுடன் இக்கட்டுரை வாசிக்கிறது. இலங்கை மலையகத்தில் கொழுந்து பறிக்கும் பெண்ணின் படம் முதன்மைச் சான்றாகக் கொள்ளப்படுகிறது.

திறவுச்சொற்கள்: இருப்புப் படம், குறிச்சொல், திணை, கூற்று, பெயர் சுட்டாமை, மலையகம்

முன்னுரை

நுவரெலியா, ஹட்டன் பகுதிகளுக்குச் செல்லும் பயணி ஒருவர் எடுக்கப்போகும் படங்களுள் ஒன்றை அவர் புறப்படும் முன்பே ஊகித்துவிட முடியும். பச்சைச் சரிவு, இடுப்பளவு வளர்ந்த தேயிலைச் செடிகள், தலையிலிருந்து முதுகுக்குத் தொங்கும் கூடை அல்லது சாக்கு, கொழுந்தை நோக்கி நீண்ட கை, ஒளிப்படக் கருவியை நோக்கிய புன்னகை. படத்தின் மேற்பாதியில் பெரும்பாலும் பனிமூட்டம் இருக்கும். அப்பனிமூட்டம் அழகு கருதி மட்டும் அங்கு இடம்பெறுவதில்லை என்பது பின்னர் விளக்கப்படும்.

இப்படம் பயணியின் குடும்பத் தொகுப்பில் தங்கிவிட்டால் அதைப் பற்றித் திறனாய்வு சொல்வதற்கு அதிகமில்லை. பட முகமை ஒன்றில் ஏற்றப்படும்போதுதான் அது வேறு பொருளாகிறது. குறிப்பிட்ட ஒருவர் கேட்டு எடுக்காமல், என்றேனும் எவரேனும் வாங்குவர் என்ற எதிர்பார்ப்பில் எடுத்துச் சேமித்து, பயன்பாட்டு உரிமம் மட்டும் விற்கப்படும் படங்களைத் தொழிலில் 'ஸ்டாக்' என்பர். இக்கட்டுரை அவற்றை இருப்புப் படங்கள் என வழங்குகிறது.

இருப்புப் படம் தனித்து விற்கப்படுவதில்லை. வாங்குபவர் தேடுபெட்டியில் முதலில் இடுவது ஒரு சொல். அச்சொல்லுக்கு விடையாகவே படம் அவர் முன் வருகிறது. சொல் பொருந்தாத படம் எவ்வளவு சிறந்ததாயினும் எவர் கண்ணிலும் படாது. எனவே இச்சந்தையைச் சொற்சந்தை என்றே கொள்ளலாம். நிலம், பொழுது, தொழில், உணர்வு ஆகியவற்றை இணைத்துப் பொருள் உண்டாக்கும் முறை பற்றி நுணுகிச் சிந்தித்த மரபு தமிழுக்கு உண்டாகலின், இச்சொற்களை வாசிப்பதற்கான கருவிகளை வெளியே தேடவேண்டியதில்லை.

எண்ணிட்ட காட்சிகள்

மதுரை, தஞ்சாவூர்க் கோயில்களை 1858இல் படம்பிடித்த லின்னேயஸ் டிரைப் சென்னை மாகாண அரசின் ஒளிப்படக் கலைஞர். செலவை அரசு ஏற்றது. அரசு வேண்டியவற்றை அவர் எடுத்தார். 1863இல் இந்தியா வந்த சாமுவேல் போர்னின் நிலை வேறு. சிம்லாவிலும் கல்கத்தாவிலும் இயங்கிய போர்ன் அண்ட் ஷெப்பர்ட் நிறுவனத்திற்காக இமயமலைப் பகுதிகளிலும், பின்னர் 1869இல் தென்னிந்தியாவிலும் பயணம் செய்து, 1870இல் இங்கிலாந்து திரும்பும் முன் ஈராயிரத்துக்கும் மேற்பட்ட காட்சிகளை அவர் எடுத்தார். நெகட்டிவில் எண் பொறிக்கப்பட்டது. நிறுவனத்தின் பட்டியலில் அந்த எண்ணைக் கண்டு கேட்பவருக்குப் படம் அச்சிட்டுத் தரப்பட்டது. எவர் வாங்குவார் என்று தெரியாமல் எடுப்பது, எண்ணிட்டு இருப்பில் வைப்பது, பட்டியலின் வழியே விற்பது ஆகிய மூன்றும் இங்கேயே கூடிவிட்டன. 'ஸ்டாக்' என்ற தொழிற்பெயர் பிற்காலத்தது எனினும் அதன் நடைமுறை போர்னின் காலத்தது.

கொழும்பில் ஸ்கீன், பிளாட்டே முதலிய நிறுவனங்கள் இம்முறையை மனிதர்களுக்கும் விரித்தன. அவை விற்ற படங்களிலும் அஞ்சலட்டைகளிலும் காணப்படும் குறிப்புகள் பெரும்பாலும் ஓர் இனப்பெயரையோ சாதிப்பெயரையோ தொழிற்பெயரையோ கொண்டவை: தமிழ்ப் பெண், ரொடியாப் பெண், கொழுந்து பறிப்போர். நுவரெலியா என்ற ஊருக்குப் பெயர் உண்டு. அவ்வூரில் நிற்கும் பெண்ணுக்கு வகை மட்டுமே உண்டு. இக்குறிப்புகளின் காலனியப் பார்வையைச் சுட்டிக்காட்டுவது இன்று எளிது. அப்பார்வை காலனியத்தோடு முடிந்துவிட்டதாக எண்ணுவதுதான் இடர்ப்பாடானது.

இருபதாம் நூற்றாண்டில் இத்தொழில் முகமைகளின் கைக்கு மாறிய வரலாறு பலராலும் அறியப்பட்டது. இங்குச் சுருக்கமாகச் சுட்டினால் போதும். ஆம்ஸ்ட்ராங் ராபர்ட்ஸ் 1920இல் பிலடெல்பியாவில் தொடங்கிய நிறுவனம் தொடக்ககால முகமைகளுள் ஒன்று. ஓட்டோ பெட்மன் ஜெர்மனியிலிருந்து வெளியேறி நியூயார்க்கில் 1936இல் அமைத்த படக் காப்பகம் பின்னர் கோர்பிஸ் நிறுவனத்தின் உடைமையாயிற்று. கெட்டி 1995இலும், ஐஸ்டாக்ஃபோட்டோ 2000இலும், ஷட்டர்ஸ்டாக் 2003இலும் தோன்றின. பின்னைய இரண்டும் தொழில்முறைக் கலைஞர் அல்லாதவரையும் படம் வழங்குநராக ஏற்றன. விடுமுறைப் பயணத்தின் செலவில் ஒரு பகுதியைப் படம் விற்று மீட்கலாம் என்ற ஆசை பரவலானது அதன்பிறகுதான்.

விலையைப் பற்றி ஒரு செய்தி இக்கட்டுரையின் வாதத்திற்கு இன்றியமையாதது. 2020 ஜூன் மாதத்தில் ஷட்டர்ஸ்டாக் தன் வழங்குநர்களுக்கான பங்கை 15 முதல் 40 விழுக்காடு வரையிலான படிநிலைகளாக மாற்றியது. ஒவ்வோர் ஆண்டும் ஜனவரி 1ஆம் நாள் அனைவரும் முதற்படிக்குத் திரும்ப வேண்டும்; ஒரு பதிவிறக்கத்திற்கான குறைந்தபட்ச வருவாய் 10 அமெரிக்க சென்ட். வழங்குநர்கள் எதிர்த்தனர், பலர் தம் படங்களை விற்பனையிலிருந்து விலக்கிக்கொண்டனர். பத்து சென்ட்டுக்கு விற்கப்படும் படம் ஒருமுறை விற்றுப் பயனில்லை. நூறுமுறை, ஆயிரம்முறை விற்க வேண்டும். ஆயிரம் பேருக்கு ஆயிரம் வேறு தேவைகள் உண்டு. ஒரே படம் அத்தனைக்கும் பொருந்த வேண்டுமாயின் அதில் எந்த ஒன்றுக்கும் மட்டுமே உரிய எதுவும் இருக்கலாகாது. படத்தின் பொதுமையைத் தீர்மானிப்பதில் எடுப்பவரின் மனப்பாங்கைவிட இந்தக் கணக்குக்கே பங்கு அதிகம்.

நிலமும் பொழுதும் நீங்கிய படம்

ஷட்டர்ஸ்டாக்கில் ஒரு படத்திற்கு 50 குறிச்சொற்கள்வரை இடலாம். அடோபி ஸ்டாக்கில் 49. கொழுந்து பறிக்கும் பெண்ணின் படத்திற்கு இடப்படும் சொற்களை வரிசைப்படுத்தினால் அவை மூவகையில் அடங்கிவிடுகின்றன. இலங்கை, சிலோன், நுவரெலியா, காலை, மூடுபனி என்பன ஒருவகை. தேயிலை, இலை, கூடை, அறுவடை, பெண், தொழிலாளி, மலைச்சரிவு என்பன மற்றொரு வகை. புத்துணர்ச்சி, மரபு, உழைப்பு, அமைதி, மகிழ்ச்சி, இயற்கை என்பன மூன்றாவது. நிலமும் பொழுதும் முதற்பொருள்; அந்நிலத்தின் உணவும் மரமும் தொழிலும் கருப்பொருள்; உணர்வொழுக்கம் உரிப்பொருள் எனக் கற்ற எவருக்கும் இந்த ஒப்புமை தோன்றாமலிராது. உணர்வைக் குறிக்கும் குறிச்சொல்லைத் தொழிலில் 'கான்செப்ட்' என்பர். விளம்பர நிறுவனங்கள் பெரிதும் தேடுவது அதைத்தான். வங்கி ஒன்றுக்கு வேண்டியது நுவரெலியா அன்று, 'உழைப்பின் பயன்'. மருந்துக் கடைக்கு வேண்டியது 'இயற்கை'.

இருப்புப் படச் சந்தை முதற்பொருளை உதிர்த்துவிட்டு உரிப்பொருளை விற்கிறது என்று இதிலிருந்து முடிவுகட்டத் தோன்றும். அம்முடிவு அவசரமானது. முதல், கரு, உரி என்னும் மூன்றும் முறையே ஒன்றினொன்று சிறந்தன என்பதே இலக்கண மரபு, உரிப்பொருளே தலைமையுடையது. முதலும் கருவும் இன்றி உரிப்பொருள் மட்டுமே அமைந்த அகப்பாடல்கள் உண்டு. உரிப்பொருள் அல்லாதன ஒரு திணையிலிருந்து மற்றொன்றில் மயங்கவும் இலக்கணம் இடம் தருகிறது. ஆகவே நிலம் இல்லாமற்போவது தன்னளவில் குறையாகாது. இடத்தைக் காணோம் என்ற குற்றச்சாட்டோடு நின்றுவிடும் பட விமரிசனம், அதே அளவுகோலால் குறுந்தொகையின் ஒரு பகுதியையும் குறைகூற வேண்டிவரும்.

ஒப்புமை இன்னும் ஒருபடி செல்கிறது. முகமைகள் தம் படங்களை இருபெரும் பிரிவாகப் பகுக்கின்றன. விளம்பரம் முதலியவற்றிற்கு உரியது வணிகப் பயன்பாடு. செய்தி, கல்வி, கருத்துரை ஆகியவற்றிற்கு உரியது 'எடிட்டோரியல்' எனப்படும் செய்திப் பயன்பாடு. ஷட்டர்ஸ்டாக்கில் செய்திப் பிரிவுப் படத்தின் குறிப்பு ஊர், நாடு, நாள், மாதம், ஆண்டு ஆகியவற்றோடு தொடங்கி, பின்னரே நிகழ்வை உள்ளவாறு கூறவேண்டும். வணிகப் பிரிவுக்கு இக்கட்டாயம் இல்லை. நிலமும் பொழுதும் சுட்டியே தீரவேண்டிய பிரிவு ஒன்று. அவை சுட்டப்பெறாமலும் இயங்கத்தக்க பிரிவு ஒன்று. புறமும் அகமும் என இவற்றை அழைப்பது உவமையளவில் மட்டும் பொருந்துவதன்று. நெடுநல்வாடை ஒருவர் பெயரையும் வெளிப்படச் சுட்டாதிருந்தும், அதில் வரும் வேம்பு பாண்டியனின் அடையாளம் என்பதால் அதனைப் புறம் எனக் கொண்டார் நச்சினார்க்கினியர். ஓர் அடையாளம் போதும், பிரிவு மாறிவிடும். வணிகப் பயன்பாட்டுக்கு அளிக்கப்படும் படத்தின் மூலையில் ஒரு நிறுவனச் சின்னம் தெரிந்தாலும் இதுவே நிகழ்கிறது: அதை அழிக்க வேண்டும், அல்லது படத்தைச் செய்திப் பிரிவுக்கு மாற்ற வேண்டும்.

அடையாளங்களுள் முதன்மையானது முகம். முகம் தெரியும் ஒருவரின் படம் வணிகப் பிரிவில் ஏற்கப்படுவதற்கு அவர் கையொப்பமிட்ட 'மாடல் ரிலீஸ்' எனும் ஒப்புதல் படிவம் வேண்டும். அப்படிவத்தில் அவருடைய பெயர், முகவரி, பிறந்த நாள் ஆகியவை எழுதப்படுகின்றன. படத்தை வாங்குபவருக்கோ பார்ப்பவருக்கோ அவை காட்டப்படுவதில்லை. கொழுந்து பறிக்கும் பெண்ணை இவ்விதியின்கீழ் நிறுத்திப் பார்க்கலாம். படிவத்தில் அவர் ஒப்பமிடவில்லையெனில் அவர் படம் செய்திப் பிரிவுக்குச் செல்கிறது. ஊரும் நாளும் எழுதப்படுகின்றன, பெயர் எழுதப்படுவது அரிது. ஒப்பமிட்டாரெனில் அவர் பெயர் ஆவணத்தில் சேர்கிறது. அதே கணத்தில் அவர் படம் ஊரையும் நாளையும் துறக்கும் தகுதி பெறுகிறது. அவர் இன்னார் என்று சட்டப்படி நிறுவப்பட்ட பின்னரே அவரை எவராகவும் காட்டுவதற்கான உரிமம் விற்பனைக்கு வருகிறது. அப்படிவம் எந்த மொழியில் வாசித்துக்காட்டப்பட்டது, என்ன தரப்பட்டது என்பவற்றை விற்பனைப் பதிவிலிருந்து அறிய வழியில்லை.

தொழில் காட்சியாதல்

கருப்பொருள்களுள் தொழிலுக்கு நேர்வது தனியாகக் கருதத்தக்கது. இலங்கையின் தென்கரையில் வெலிகம, கொக்கல பகுதிகளில் கடலில் நட்ட கம்பங்களின்மேல் அமர்ந்து தூண்டிலிடும் மீனவரை ஸ்டீவ் மெக்கரி 1995இல் எடுத்த படம் உலகறிந்தது. அதன்பின் அதே கோணத்தில், அதே அந்தி ஒளியில் எடுக்கப்பட்ட படங்கள் முகமைகளில் குவிந்தன. இன்று அக்கம்பங்களில் அமர்வோருள் பலர் படமெடுக்க வருவோரிடம் பணம் பெற்றுக்கொண்டு அமர்பவர். மியன்மாரின் இன்லே ஏரியில் ஒற்றைக்காலால் துடுப்பை வலித்துக்கொண்டு கூம்புக் கூடையை உயர்த்திப் பிடிக்கும் மீனவரும், சீனாவின் லீ ஆற்றில் மூங்கில் தெப்பத்தில் விளக்கோடும் நீர்க்காகங்களோடும் நிற்கும் முதியவரும் அவ்வாறே படத்திற்காக நிற்கின்றனர்.

இதை ஏமாற்று எனக் கண்டிக்கும் வழக்கம் பயண எழுத்தில் உண்டு. அக்கண்டனத்தில் ஒரு வசதியான மறதி இருக்கிறது. கம்பத்தில் அமர்பவர் தம் தொழில் இன்னதென்று தெளிவாக அறிந்தவர்: அவர் மீனுக்காக அமரவில்லை, படத்திற்காக அமர்கிறார், அதற்கு முன்கூட்டியே விலை பேசுகிறார். இச்சந்தையில் எடுக்கப்படுபவர் நேரடியாகப் பணம் பெறும் மிகச்சில இடங்களுள் இது ஒன்று. வேடம் என்று பழிக்கப்படுவது உண்மையில் ஒரு கூலிப் பேச்சு. தூய்மையான, தன்னியல்பான, கருவியைக் கண்டு கூசாத மீனவரையே பயணி விரும்புகிறார் என்றால், பேரம் பேசாத மீனவரை விரும்புகிறார் என்பதே அதன் பொருளாகும்.

எனினும் குறிச்சொற்கள் இம்மாற்றத்தைப் பதிவதில்லை. மீன்பிடித்தல், மரபு, அன்றாட வாழ்க்கை என்றே அவை தொடர்கின்றன. நெய்தலின் தொழில் பெயரளவில் நிற்க, அதன் உள்ளே வேறொரு தொழில் நடக்கிறது.

கூற்றும் வெற்றிடமும்

அகத்திணையில் எவர் பெயரும் சுட்டப்படலாகாது என்பது தொல்காப்பிய விதி. தலைவன், தலைவி, தோழி, செவிலி என்றே அவர்கள் அறியப்படுகின்றனர். இருப்புப் படத்திலும் பெண், தொழிலாளி, மீனவர், முதியவர் என்றே மனிதர்கள் அறியப்படுகின்றனர். இரண்டிலும் பெயரின்மை பொதுமையை உண்டாக்குகிறது. எவரும் தம்மை வைத்துப் பார்க்க இடம் தருகிறது. இவ்வளவும் ஒத்துவரும்போது வேறுபாடு எங்கே என்பதே இவ்வாய்வின் நடுவண் வினா.

வேறுபாடு கூற்றில் உள்ளது. அகப்பாடலில் பெயரற்றவரே பேசுகிறார். பாடலை எழுதியவர் கபிலராயினும் ஔவையாராயினும் பேசுவது தலைவியின் குரல். புலவர் தம் குரலில் இடைபுகுவதில்லை. பெயர் மறைக்கப்பட்டது பேச்சைக் காப்பதற்காக. செய்யுளியல் கூறும் உறுப்புகளில் கூற்று, கேட்போர், களன், காலம், முன்னம் ஆகியவை இடம்பெறுவது இதனால்தான். இச்சொல்லை இவ்விடத்தில் இன்னார்க்கு இன்னார் கூறுகிறார் என்று கேட்பவர் உய்த்துணர வழிசெய்யும் உறுப்பு முன்னம். முகமையின் படிவத்தில் தலைப்புக்கு இடமுண்டு, குறிச்சொற்களுக்கு இடமுண்டு, ஒப்புதலை இணைக்க இடமுண்டு. படத்தில் உள்ளவர் சொன்னது என்ன என்பதற்கு இடமில்லை. முன்னம் இல்லாத பனுவல் அது: அந்தப் புன்னகை யாரை நோக்கியது, எதற்காக, என்ன கேட்கப்பட்டபின் என்று உய்த்துணர ஒரு சொல்லும் அதில் எஞ்சுவதில்லை.

முன்னுரையில் குறிப்பிட்ட பனிமூட்டத்தை இங்கு நினைவுகொள்ளலாம். நன்றாக விற்கும் இருப்புப் படத்தில் ஒரு பகுதி வெறுமையாக விடப்படவேண்டும் என்பது தொழிலின் பாலபாடம். வானம், மூடுபனி, நீர்ப்பரப்பு, சுவர் எதுவாகவும் அது இருக்கலாம். 'காப்பி ஸ்பேஸ்' எனப்படும் அவ்வெற்றிடத்தில்தான் வாங்கியவர் தம் வாசகத்தைப் பொறிப்பார். அது தேயிலையின் சுவையைப் பற்றியதாகலாம், காப்பீட்டைப் பற்றியதாகலாம், சுற்றுலாத் தள்ளுபடியைப் பற்றியதாகலாம். பெண்ணின் முகத்திற்கு மேலே, அவர் சொல்வதுபோன்ற இடத்தில் அவ்வாசகம் அமரும். கூற்றுக்குரிய இடம் முன்கூட்டியே காலிசெய்யப்பட்டு வேறொருவருக்கு விற்கப்படுகிறது. அகப்பாடலின் பெயரின்மையையும் இருப்புப் படத்தின் பெயரின்மையையும் ஒன்றெனக் கொள்ளவியலாமைக்கு இவ்வெற்றிடமே சான்று.

எடுத்தவரின் பெயரோ பெரும்பாலும் படத்தோடு ஒட்டிக்கொண்டிருக்கிறது. உரிமம் அவர்வழியே பிறப்பதால் அது இருந்தாக வேண்டும். சங்கத் தொகையில் நிலைமை தலைகீழ். செம்புலப்பெயல்நீரார், ஓரேருழவனார், அணிலாடு முன்றிலார் போன்றோரின் இயற்பெயர்கள் தொலைந்துபோயின. பாடலில் வந்த தொடரே அவர்களுக்குப் பெயராயிற்று.

எடுத்தவரின் பெயரும் எப்போதும் காவலாக நிற்பதில்லை. அமெரிக்காவின் ஊர்களையும் சாலைகளையும் பல்லாண்டு படம்பிடித்த கேரல் ஹைஸ்மித் தம் படங்களை அந்நாட்டுக் காங்கிரஸ் நூலகத்தின்வழிப் பொதுப் பயன்பாட்டுக்கு அளித்தவர். தம் படத்தைத் தம் இணையதளத்தில் பயன்படுத்தியதற்காக 120 டாலர் கேட்டு அவருக்கே அறிவிப்பு வந்தது. 2016இல் அவர் கெட்டி உள்ளிட்ட முகமைகள்மீது வழக்குத் தொடர்ந்தார். அவ்வாண்டிலேயே வழக்கின் பெரும்பகுதி தள்ளுபடியாயிற்று. பொதுவுடைமையான படத்தை எவரும் விற்கலாம் என்பதே சந்தையின் நிலைப்பாடு. எல்லோருக்கும் உரியது எவரும் விலைவைக்கத்தக்கதாகிவிடுகிறது.

பொருள்களின் உரிமையை இச்சந்தை மதிக்காமலில்லை. ஈஃபில் கோபுரத்தைப் பகலில் எடுத்த படத்தைத் தடையின்றி விற்கலாம். இரவில் எடுத்ததை வணிகப் பயன்பாட்டுக்கு முகமைகள் ஏற்பதில்லை. கோபுரத்தின் பதிப்புரிமைக் காலம் முடிந்துவிட்டது. அதன் விளக்கமைப்புக்கான உரிமை முடியவில்லை. ஆஸ்திரேலியாவின் உலுரு பாறையை வணிக நோக்கில் படமெடுக்க அனுமதி பெறவேண்டும். அனங்கு மக்கள் புனிதமெனக் கருதும் சில பகுதிகளை எடுக்கவே கூடாது. அந்நிலத்தின் உரிமை 1985இல் அம்மக்களுக்கு மீண்டதன் தொடர்ச்சி இது. விளக்குக்கும் பாறைக்கும் உரிமை பேச அமைப்புகள் உள்ளன. தேயிலைச் சரிவில் நிற்கும் பெண்ணுக்காக அவ்வாறு பேசும் அமைப்பு இச்சந்தையில் இல்லை. நிலமும் அவருடையது அன்று.

பேர்

மலையகத் தமிழர் பேசாதவர் அல்லர். கங்காணியையும் துரையையும் பெயர்சொல்லியும் சொல்லாமலும் எள்ளிய பாடல்கள் அவர்களிடம் உண்டு, சி. வி. வேலுப்பிள்ளை அவற்றைத் திரட்டி 'மலைநாட்டு மக்கள் பாடல்கள்' எனப் பதிப்பித்தார். மீனாட்சி அம்மாள் நடேசையர் தோட்டத் தொழிலாளரின் உரிமைகளைப் பாட்டாக்கி மேடைகளில் பாடினார். இப்பாடல்களோடு சேர்த்துப் பார்க்கும்போது அப்படத்தின் அமைதி இயல்பான அமைதி அன்று என்பது விளங்கும்.

இம்மக்களின் வரலாற்றில் பெயர் என்பது அழகியற் சிக்கலாக மட்டும் இருந்ததில்லை. 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டம் அவர்களுள் மிகப்பெரும்பாலோரை நாடற்றவராக்கியது. 1964ஆம் ஆண்டின் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் எனப் பங்கிட்டு, எஞ்சிய 1,50,000 பேரைப் பின்னர் பேசிக்கொள்ளலாம் என விட்டது. எண்ணிக்கையாகவே இரு அரசுகளின் மேசையில் வைக்கப்பட்ட மக்கள் அவர்கள். பழைய அஞ்சலட்டையில் 'தமிழ்ப் பெண்' என்றிருந்த சொல் இன்றைய குறிச்சொற்களுள் சிலவற்றில் 'தமிழ்' என எஞ்சுகிறது. பலவற்றில் 'இலங்கை', 'ஆசியா' என விரிந்துவிடுகிறது. எஞ்சும் இடத்திலும் அது ஐம்பது தூண்டில்களில் ஒன்று. அதன் பின்னுள்ள நாடின்மையைப் பற்றி அது எதுவும் சொல்வதில்லை.

தோட்டத்தின் பேச்சு மொழியில் ஒரு வழக்கு உண்டு. ஒருநாள் உழைப்பைப் 'பேர்' என்பர். நிர்ணயித்த எடைக்குக் கொழுந்து பறித்துக் கொடுத்தவருக்குச் செக்ரோலில் ஒரு பேர் விழும், குறைந்தவருக்கு அரைப்பேர். பேர் விழுந்தால் சம்பளம். அரைப்பேர் என்றால் பாதிச் சம்பளம். ஒருவர் பெயரைப் பதிவேட்டில் எழுதுவதும் அவருக்குக் கூலி தருவதும் அம்மொழியில் ஒரே செயல். பெயரின்றி ஒருவருடைய உருவத்தைப் பயன்கொள்வதை என்னவென்று சொல்வது என இலக்கணத்தில் தேடியதற்கு இவ்வழக்கு நேரான விடை தருகிறது. படத்தில் உள்ளவருக்குப் பேர் விழவில்லை.

இவ்வழக்கை வைத்துப் பார்த்தால் இச்சந்தையின் அண்மைய திருப்பமும் தெளிவாகும். ஷட்டர்ஸ்டாக் தன் படங்களையும் அவற்றின் சொற்குறிப்புகளையும் செயற்கை நுண்ணறிவுக்குப் பயிற்சி அளிப்பதற்காக ஓப்பன்ஏஐ நிறுவனத்திற்கு உரிமம் தந்ததை 2022இல் அறிவித்தது. படம் வழங்குநர்களுக்கு ஈடுசெய்ய ஒரு நிதியும் அமைக்கப்பட்டது. எடுத்தவருக்கு அங்குப் பாதியோ பத்தில் ஒன்றோ ஒரு பேர் உண்டு. எடுக்கப்பட்டவர் அக்கணக்கில் வருவதேயில்லை. இனி 'மூடுபனி, தேயிலை, பெண், புன்னகை' என்று எழுதினால் எம்மலையிலும் எந்நாளிலும் நில்லாத ஒரு பெண்ணின் படம் உருவாகும். அதற்கு ஒப்புதல் படிவமும் வேண்டியதில்லை. ஆயினும் அந்தப் பெண் கூடையைச் சுமக்கும் முறையும், இரு விரல்களால் கொழுந்தைப் பற்றும் முறையும், தலையில் துணியை மடித்து வைக்கும் முறையும் எவரோ சிலரிடமிருந்து கற்றவை.

இருப்புப் படங்களில் காண அரிதாக உள்ள காட்சி ஒன்று உண்டு: கொழுந்து நிறுக்கும் இடம். சாக்குகள் தராசில் தொங்க, ஒருவர் எடையை வாசிக்க, மற்றொருவர் எழுத, பெண்கள் முள்ளையும் ஏட்டையும் மாறிமாறிப் பார்த்து நிற்பர். அங்கு எவரும் கருவியை நோக்கிச் சிரிப்பதில்லை, பேச்சு மிகுதி. ஈரத்திற்கென்று எவ்வளவு கழித்தார்கள், ஏன் கழித்தார்கள் என்ற வழக்கு நடந்துகொண்டிருக்கும். மேற்பாதியில் வெற்றிடம் இராது.